டி டிரைவில் வைத்தால் அது பேக்கப் ஆகுமா?

புது கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, வயர்களை எல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கடைக்காரர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "முக்கியமானதை எல்லாம் டி டிரைவ்ல போட்டு வச்சுக்கோங்க சார். சி டிரைவ் போனாலும் அது பத்திரமா இருக்கும்." பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவரும் இதையேதான் சொன்னார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அக்கா கல்யாண வீடியோ, ஆச்சி சொன்ன கதைகளை அக்கா செல்போனில் பதிவு செய்த ஆடியோ ஃபைல்கள் என எல்லாமே டி டிரைவுக்குப் போயின.

2018-ல் நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்ப்யூட்டரில் 'டிக் டிக்' என்று சத்தம் வருவதாக அப்பா போனில் சொன்னார். நான் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் சி-யும் இல்லை, டி-யும் இல்லை.

காரணம் மிக எளிது. அந்தக் கம்ப்யூட்டரில் சி, டி என்பவை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் அல்ல. ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே பீரோவில் மேல் தட்டு, கீழ்த் தட்டு மாதிரி. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மைதான்: விண்டோஸ் கெட்டுப்போய் சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும். டிஸ்க்கே பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் போகும். டேட்டா மீட்டுத் தருபவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். கல்யாண வீடியோவில் பாதி கிடைத்தது. ஆச்சியின் ஆடியோ ஒன்றுகூடத் திறக்கவில்லை. மறுபடி பதிவு செய்ய ஆச்சியும் அப்போது உயிருடன் இல்லை.

இன்று வரும் லேப்டாப்கள் பெரும்பாலும் எஸ்எஸ்டி உள்ளவை. சுழலும் தட்டு கிடையாது என்பதால் அந்த 'டிக் டிக்' எச்சரிக்கையும் கிடையாது. நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய எஸ்எஸ்டி, காலையில் டிஸ்க்காகவே தெரியாமல் போகலாம்.

சரி, எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசியுங்கள். டிஸ்க் பழுதாகலாம். நாமே தெரியாமல் ஒரு ஃபைலை அழித்துவிடலாம். வைரஸ் வரலாம். வீட்டுக்குள் வெள்ளம் வரலாம், லேப்டாப் பை களவு போகலாம். இத்தனைக்கும் சேர்த்து ஈடுகொடுக்கும் ஒற்றை முறை எதுவும் இல்லை.

முதலில் வாங்க வேண்டியது ஒரு யூஎஸ்பி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். உங்கள் ஃபைல்களின் அளவைப்போல் இரண்டு மடங்காவது கொள்ளளவு இருக்கட்டும். அன்றைய வழக்கப்படி டிவிடியில் எழுதலாமே என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். 100 ஜிபி போட்டோவுக்கு 22 டிவிடி வேண்டும். பென் டிரைவ் ஃபைலை எடுத்துப் போக நல்லது. ஆனால் சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும் பொருளை நம்பி இருக்கக் கூடாது.

டிஸ்க்கை மாட்டியதும், கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் ஃபைல் ஹிஸ்டரி என்பதைத் திறந்து 'டர்ன் ஆன்' கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. தனியாகப் பணம் கட்ட வேண்டாம். டிஸ்க் இணைப்பில் இருக்கும்வரை மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் நகல் எடுக்கும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் என்பதால், போன வாரம் இருந்தபடி ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களைத்தான் அது தானாக எடுக்கும். டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரைக் கண்டுகொள்ளாது. அதை லைப்ரரியில் சேர்த்தால்தான் எடுக்கும். விண்டோஸையும் புரோகிராம்களையும் பேக்கப் எடுக்கவில்லையே என்று கவலை வேண்டாம். அவற்றை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். சோம்பேறித்தனத்தில் பலர் அதை எப்போதும் மாட்டியே வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர்கள், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிரைவ்களில் உள்ள ஃபைல்களையும் பூட்டிவிடும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

அடுத்தது கிளவுட். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றின் அடிப்படை வேலை சிங்க், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவும் போய்விடும். அழிந்ததை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பவருக்கு இது உதவாது. ஆகவே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாகத்தான் கிளவுடைச் சொல்வேன். வெள்ளமோ திருட்டோ வந்தால் வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருப்பது அதனால்தான்.

இலவச இடம் கூகுளில் 15 ஜிபி (ஜிமெயிலும் போட்டோவும் சேர்த்து), ஒன்டிரைவில் 5 ஜிபி. எல்லாவற்றையும் ஏற்ற நினைத்தால் நேரமும் ஆகும். 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 100 ஜிபி ஏற ஏறக்குறைய 22 மணி நேரம் பிடிக்கும். எனவே மறுபடி கிடைக்காததை மட்டும் பொறுக்கி ஏற்றுங்கள். டவுன்லோடு செய்த சினிமாவை விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டு ஆடியோக்களில் ஒன்று மட்டும் தப்பியது. ஒரு நரிக் கதை, நாலு நிமிடம். அதை அக்கா எப்போதோ கோயம்புத்தூர் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பேக்கப் என்ற சொல்லே தெரியாமல், வேறு ஊரில், வேறு ஒருவர் கையில் ஒரு நகல் இருந்திருக்கிறது.

கடைசியாக, பேக்கப் ஓடுகிறது என்பதாலேயே அது திரும்பக் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஃபைல் ஹிஸ்டரியில் 'ரீஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்' கிளிக் செய்து, ஏதாவது ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள பச்சைப் பட்டனை வலது கிளிக் செய்து 'ரீஸ்டோர் டு' கொடுத்து, வேறு ஃபோல்டரில் எடுத்துத் திறந்து பாருங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது, அப்பாவின் ஸ்கேன்கள் எதுவும் அதில் இல்லை என்று தெரிந்தது. புதுக் கம்ப்யூட்டரிலும் அவர் அவற்றை டி டிரைவில்தான் போட்டு வைத்திருந்தார்.