'நில்' பலகையைப் பார்த்தும் சைக்கிள்காரர் ஏன் முழுதாக நிற்பதில்லை?

அமெரிக்க நகரங்களில் தெருக்கள் சந்திக்கும் இடங்களில் எண்கோணச் சிவப்புப் பலகை ஒன்று 'நில்' என்று சொல்லும். பல சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். திமிரா? விடை அவர்களின் கால்களில் இருக்கிறது.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது லேசாகத் தொட்டுத் தள்ளினாலே போதும். நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டினால்தான் கை வலிக்கும்.

சைக்கிளும் அப்படித்தான். முழுதாக நின்றால், மிதித்துச் சேர்த்த ஆற்றல் எல்லாம் பிரேக் கட்டையில் சூடாகிக் கரைந்துவிடும். பாதி வேகத்துக்கு மட்டும் குறைத்தால், அதில் கால் பங்காவது மிஞ்சும்.

காரில் இந்த இழப்பை எஞ்சின் ஈடுகட்டிவிடும். நிதானமாக மிதிக்கும் உங்கள் கால்கள் தருவதோ சுமார் 100 வாட்தான்!

சரி, சைக்கிள் எப்படி விழாமல் ஓடுகிறது? அது சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிக்கிறோம். வேகம் குறையக் குறைய அதிகம் திருப்ப வேண்டும். நின்றால் கால் ஊன்ற வேண்டும். கிளம்பும்போது மறுபடி தள்ளாட்டம்.

இடாஹோ மாநிலம் 1982-லேயே இப்படி நிற்காமல் கடப்பதற்கு வழிவிட்டது. அங்கே சைக்கிள்காரர் 'நில்' பலகையை 'வழிவிடு' என்று எடுத்துக்கொள்ளலாம். பின்னர் டெலவேர், ஆரிகன் போன்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

ஆனால் குறுக்கே வண்டியோ ஆளோ வந்தால் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் இடாஹோவிலும் நேராகக் கடப்பதற்கு முன் நின்றே ஆக வேண்டும்.