செங்கோட்டை கணவாயைத் தாண்டாத சோலைக்கிளி: ஒரு பள்ளம் இரண்டு பறவைகளைப் பிரித்தது எப்படி?

தென்காசியில் ரயில் ஏறி செங்கோட்டை, பகவதிபுரம் தாண்டினால் ஒரு சுரங்கப்பாதை வரும். வெளியே வந்தால் கேரளாவின் ஆரியங்காவு. அதற்கப்புறம் பதிமூன்று கண் பாலம். பெட்டியில் இருக்கும் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் போனை நீட்டிக்கொண்டிருப்பார்கள். 1904-ல் திறக்கப்பட்டு, 2018-ல் அகலப் பாதையாக மீண்டும் ஓடத் தொடங்கிய வழித்தடம் இது.

இவ்வளவு பெரிய மலைத்தொடரை ரயில் இங்கே கடக்க முடிவதற்குக் காரணம், மலை இந்த இடத்தில் தணிந்துவிடுவதுதான். இதன் பெயர் செங்கோட்டை கணவாய். அகலம் சுமார் 7 கிலோமீட்டர். ஜூன் மாதம் கேரளாவிலிருந்து இந்த வழியாக நுழையும் ஈரக்காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. நமக்கு சீசன் தரும் அதே கணவாய், மலை உச்சியில் வாழும் ஒரு சின்னப் பறவைக்குத் தாண்டவே முடியாத எல்லையாக இருக்கிறது.

அந்தப் பறவை சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சை நிறத்தில் தேட வேண்டாம். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் 'கிளி' என்பார்கள், அந்த அர்த்தத்தில் வந்த பெயர். கருநீல உடலும் வெள்ளை வயிறுமாக, சிட்டுக்குருவியைவிட வெறும் விரற்கடை அளவு பெரிதாக இருக்கும். உயரமான மலைகளில் பள்ளங்களை ஒட்டி வளரும் சோலைக்காட்டில், இருட்டான தரையில் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி தின்னும். ஐந்தருவியில் குளித்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதன் வீடு அதைவிட வெகு உயரத்தில் இருக்கிறது.

7 கி.மீ. பறக்க முடியாதா?

இறக்கை இருக்கிறதே, ஒரு மூச்சில் பறந்துவிடலாமே? பிரச்சினை தூரம் இல்லை, வழிதான். சோலைக்காட்டின் குளிரும் ஈரமும் இருட்டும் கணவாயின் அடியில் கிடையாது. அங்கே வெயில், வேறு வகைக் காடு, வயல். தரையோடு தரையாக வாழும் பறவைக்கு அது நாம் நீந்திக் கடக்க வேண்டிய கடல் மாதிரி. அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த மலை உச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

பனியுக காலங்களில் பூமி குளிர்ந்தபோது குளிர்ச்சியான காடுகள் கீழே இறங்கின, சூடானபோது மறுபடி உச்சிக்கு ஏறின. மேலே ஏறிய ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கப் பறவைகளும் அந்தப் பக்கப் பறவைகளும் பிரிந்து நின்றன. சேர்ந்து குஞ்சு பொரிக்காத இரண்டு கூட்டங்கள் பல லட்சம் ஆண்டுகளில் இரண்டு இனங்களாகிவிட்டன.

இதை உறுதிப்படுத்தியது மரபணுதான். வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு 2017-ல் இந்தப் பறவைகளுக்கு 'சோலிகோலா' என்ற புதிய பேரினத்தையே உருவாக்கியது. பாலக்காட்டு கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், ஆனைமலை, பழனி மலைகளில் இன்னொன்று. செங்கோட்டை கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது: அசம்பு சோலைக்கிளி. அதுவரை தனி இனமாக யாரும் எண்ணாத பறவை! சிலப்பன் என்ற பாடும் பறவையிலும் இதே கதைதான். பழனிச் சிலப்பன் கணவாய்க்கு வடக்கே, அசம்பு சிலப்பன் தெற்கே.

எல்லாப் பறவைக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. இதே ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 23 வகை மலைப்பறவைகளை, 9 இடங்களில், 356 பறவைகள் வழியாகப் பார்த்தார்கள். மிகப் பெரிய பள்ளமான பாலக்காட்டு கணவாய் பிரித்தது 10 வகைகளைத்தான். சிறிய கணவாய்களில் பிரிந்தவை அந்தப் பத்திலும் சில மட்டுமே. மற்றவற்றுக்கு இந்தப் பள்ளமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பாட்டு மாறினால் ஜோடி சேராது

பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது சுற்றியிருக்கும் பெரிய பறவைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன, ஏறக்குறைய நாம் நெல்லைத் தமிழ் கற்ற மாதிரி. ஜோடியை அழைப்பதும் இடத்துக்கு உரிமை கொண்டாடுவதும் அந்தப் பாட்டால்தான். ஆக, பாட்டு புரியாத பறவையோடு இனப்பெருக்கமும் கடினம்.

சேத்தனா புருஷோத்தமும் ராபினும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 6 இடங்களைச் சேர்ந்த 38 சோலைக்கிளிகளின் 835 பாட்டுகளை அலசினார்கள். ஒரு மலையின் பாட்டை இன்னொரு மலையில் ஒலிக்கவிட்டு, அங்குள்ள பறவை என்ன செய்கிறது என்றும் பார்த்தார்கள். பாட்டுகள் மூன்று பெரிய குழுக்களாகப் பிரிந்தன.

சுவாரஸ்யம் இனிமேல்தான். பறவையின் குரல்பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் தனித்தனியாக இயக்கலாம். இந்த நுணுக்கமான வித்தையைக் கவனித்தபோது, ஆதிகாலப் பள்ளங்கள் பிரித்த கூட்டங்கள் மட்டுமல்ல, அண்மையில் காடு அழிந்ததால் பிரிந்த கூட்டங்களும் வித்தியாசப்பட்டன. மரபணுவில் இன்னும் தெரியாத பிரிவு பாட்டில் தெரிந்துவிட்டது. அதாவது, கணவாய்க்குப் பல லட்சம் ஆண்டுகள் தேவைப்பட்டது. தேயிலைத் தோட்டமும் மரத் தோட்டமும் பாட்டைப் பிரிக்க ஒன்றிரண்டு நூற்றாண்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

அசம்பு பறவைக்கு என்ன ஆபத்து?

வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியும் வேரும் வைத்துக் கூடு கட்டும். முட்டை இரண்டுதான். இப்படி மெதுவாகப் பெருகும் பறவைகள் ஒரு மலையில் குறைந்துவிட்டால், பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. மூன்றும் ஒரே இனம் என்று நினைத்த காலத்தில், தெற்கே குறைந்தாலும் நீலகிரியில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. 2017-க்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகள் இந்த மலைகளில் இருப்பது ஒரு பலம். ஆனால் காட்டைச் சுற்றி எல்லை போடலாம், வெப்பநிலைக்குப் போட முடியாது. பூமி சூடாகும்போது குளிர்ச்சியைத் தேடும் பறவைகள் மேலே ஏற வேண்டும். அசம்பு சோலைக்கிளியின் பக்கத்தில் இருக்கும் அகத்தியமலை உச்சியின் உயரம் 1,868 மீட்டர்.