எல்லைச் சோதனையும் பயிர்ப் பாதுகாப்பும்

வெளிநாட்டுச் சரக்குடன் வேண்டாத விருந்தாளிகளும் வருவதுண்டு. விதையில் நோய், கிழங்கில் புழு, மரப்பெட்டியில் வண்டு என அவை பல உருவில் புகும். உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிற நூற்புழு 1961-ஆம் ஆண்டில் நீலகிரியில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டு விதைக்கிழங்குடன் அது வந்திருக்கக்கூடும் என்பது நிபுணர் கருத்து. அதன் முட்டைக் கூடுகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்குமாதலால் அதை அறவே ஒழிப்பது அரிது. இத்தகைய அபாயத்தைத் தடுக்கவே 1914-ஆம் ஆண்டில் நாசகாரப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை அச்சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டதாகும்.

ஆயினும், சோதனை நீண்டால் அதனாலும் நஷ்டமுண்டு. பழமும் காய்கறியும் துறைமுகத்தில் காத்துக் கிடந்து அழுகும். விதை பருவம் தவறி வந்து சேரும். காவலைத் தளர்த்தாமல் தாமதத்தைக் குறைப்பது எவ்வாறு?

புறப்படும் இடத்திலேயே சோதனை

சோதனையின் பெரும்பகுதியைச் சரக்கு புறப்படும் இடத்திற்கு மாற்றுவதே முதல் வழி. 1951-ஆம் ஆண்டில் உருவான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரிகள் சரக்கைப் பரிசோதித்து, எல்லா நாடுகளுக்கும் பொதுவான படிவத்தில் சான்றிதழ் வழங்குகின்றனர். இச்சான்றிதழை மின்னணு முறையில் அனுப்பும் வசதியும் இப்போது உண்டு.

மரப்பெட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். எந்திரமோ கண்ணாடியோ உள்ளிருப்பினும், பெட்டியின் பச்சை மரத்தில் வண்டும் நூற்புழுவும் பயணம் செய்யலாம். ஆகவே 2002-ஆம் ஆண்டில் ஒரு பொதுவிதி வகுக்கப்பட்டது. வெப்பமுறையைப் பின்பற்றுவோர், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் இடைவிடாது 30 நிமிஷம் நிலவச் செய்தல் வேண்டும். பின்னர், கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் குறியீடு, தயாரிப்பாளர் எண், சிகிச்சை முறை ஆகியவை அடங்கிய முத்திரை பெட்டியில் பொறிக்கப்படும். அம்மரத்திற்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. முத்திரையைக் கண்டே அதிகாரி அறிந்துகொள்வார்.

ஒரே விண்ணப்பம்

முன்னர், சுங்கத்திற்கு ஒரு படிவம், தாவரப் பரிசோதனைக்கு மற்றொன்று என வர்த்தகர் அலைய நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், இறக்குமதியாளர் விவரங்களை ஒரே இடத்தில் அளிக்கும் ஒற்றைச் சாளர முறையை இந்தியச் சுங்கத்துறை கொணர்ந்தது. உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சரக்கு வருமுன்னரே ஆவணங்களைப் பரிசீலித்தல், அபாயம் மிகுந்த சரக்கில் கவனம் செலுத்துதல், அழுகும் பொருளுக்கு முதலிடம் அளித்தல் ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். எல்லாப் பெட்டிகளையும் மேலோட்டமாகப் பார்ப்பதினும், ஐயத்திற்குரிய சிலவற்றைத் துருவி ஆராய்வது பயனுடையது என்பதே இதன் தத்துவம்.

செய்யத்தக்கவை

எளிமையான சோதனை நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பொய்ச் சான்று அந்நம்பிக்கையைக் குலைத்து, நேர்மையான ஏற்றுமதியாளரையும் பாதிக்கும். மேலும், எந்தச் சோதனையும் முற்றிலும் தவறாததன்று. எனவே, வயலில் புதிய பூச்சியோ நோயோ தென்படின் கள ஊழியர் தாமதமின்றி வேளாண்மை அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். பயணிகள் வெளிநாட்டு விதையையும் செடியையும் அனுமதியின்றிக் கொணர்வதன் தீங்கை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். எல்லையில் காவல் எளிதாவது, உள்நாட்டில் விழிப்பு மிகுவதைப் பொறுத்ததாகும்.