35 வயசுக்கு மேல கபடியில் என்ன வேலை? சேரலாதனின் கதை சொல்லும் பதில்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளை ஸ்கூல் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். குடவோலை முறை, முதலாம் பராந்தக சோழன் காலம். அதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. பொ.ஆ. 919-ஐச் சேர்ந்த முதல் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு வருபவர் 30 வயதுக்கு மேல், 60 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தினார்கள். 921-ல் அது 35 முதல் 70 ஆனது. 35 வயதுக்கு முன்னால் பொறுப்பு கிடையாது!

இப்போது கோயிலை விட்டு வெளியே வாருங்கள். சுற்றியுள்ள கிராமங்களில் பொங்கல் சமயத்தில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று பேனர் தொங்கும். நெல் அறுத்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடு போட்டு, ஃபோக்கஸ் லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். அங்கே கணக்கு தலைகீழ். 35 வயதுக்காரர் டீ-ஷர்ட்டைக் கழற்றினால், "அண்ணே, நீங்க உட்காருங்க, பசங்க பாத்துக்குவாங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

பதினைந்து வருடம் ஆடியவருக்கு 35-க்கு அப்புறம் என்ன வேலை? முழங்காலில் தழும்பு, வீட்டு ஷோகேஸில் நாலைந்து கோப்பைகள், கையில் வேறு தொழில் இல்லை. இது பல கிராமத்துக் கபடி வீரர்களின் நிஜக் கேள்வி. அதற்கான பதில் ஒன்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன்.

யார் இந்த சேரலாதன்?

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். பிறந்தது 1975. புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பல வீரர்கள் ஓய்வு அறிவித்துவிடும் வயது அது. நாடு முழுக்க அவரை டிவியில் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

2016 ஜூலை 31, ஹைதராபாத். நான்காவது சீசன் ஃபைனலில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என வென்று கோப்பையைத் தூக்கியது பாட்னா பைரேட்ஸ். அந்த அணியின் கேப்டன் சேரலாதன். அப்போது அவருக்கு 41 வயது. அதே அணியின் நட்சத்திர ரைடர் பர்தீப் நர்வாலுக்கு வயது 19. வயது வித்தியாசம் 22. ஒரு தலைமுறை இடைவெளி!

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதனுக்கும் இடம். ஃபைனலில் ஈரானிடம் பாதி நேரத்தில் 13-18 என்று பின்தங்கிய இந்தியா, கடைசியில் 38-29 என்று ஜெயித்தது. 41 வயதில் உலக சாம்பியன் அணியில் ஒருவர்.

அதன் பிறகும் அவர் நிற்கவில்லை. புனேரி பல்தான், யு மும்பா என்று அணிகள் மாறின. 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை கேப்டனாக்கியது, அப்போது வயது 44. அந்த அணியின் கோச் யார் தெரியுமா? இந்திய அணியின் முன்னாள் கேப்டன் ராகேஷ் குமார், 1982-ல் பிறந்தவர். கேப்டனைவிட கோச் ஏழு வயது சின்னவர்! அந்த சீசனில் ஹரியானா பிளே-ஆஃப் வரை போனது. 2021-22 சீசனில் ஜெய்ப்பூர் ஜெர்சியில் வந்தபோது அவருக்கு 46.

கபடி வட்டாரத்தில் வட இந்திய வீரர்கள்கூட அவரைத் தமிழிலேயே 'அண்ணா' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் வயதுக்கான மரியாதை மட்டும் இல்லை. ஒரு வேலையும் இருக்கிறது.

கார்னரில் நிற்பவர் என்ன செய்கிறார்?

கபடியில் ஒரு அணிக்கு ஏழு பேர். எதிரணி ரைடர் பாடிக்கொண்டு வரும்போது, கோட்டின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் கார்னர். சேரலாதன் ரைட் கார்னர்.

ரைடருக்கு இருப்பது 30 நொடி. அதற்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கார்னரில் நிற்பவர் ரைடரின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்ப்பார், இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். எந்தக் காலில் எடை விழுகிறதோ அந்தக் கணத்தில் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி முன்னால் பாய்ந்தால் ரைடர் தாண்டிவிடுவார். ஒரு நொடி தாமதித்தால் பாயின்ட் போய்விடும்.

இதில் முக்கியமான விஷயம், கார்னர் எப்போதும் தனியாகப் பிடித்துவிட முடியாது. அவர் காலைப் பிடித்ததும் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர்கள் வந்து அமுக்க வேண்டும். யார் எப்போது நகர வேண்டும் என்று சைகையாலோ, கையைப் பிடித்து இழுத்தோ சொல்வது பெரும்பாலும் கார்னரில் நிற்கும் அனுபவசாலிதான். "இப்ப வேணாம், விடு", "இது மூணாவது ரைடு, அவன் வந்தே ஆகணும்" என்று கணக்குப் போடுவதும் அவரே. தொடர்ந்து இரண்டு ரைடு பாயின்ட் இல்லாமல் போனால், மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் பாயின்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். அதனால் அவர் ரிஸ்க் எடுப்பார் என்பது கார்னருக்குத் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே கோச் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். சேரலாதன் 46 வயதுவரை ஆட முடிந்ததற்கு உடல்பலம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேகம் குறையும் வயதில் கணிப்பு கூடியது. அவர் கோச் வேலையைக் களத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டார். பதவி வந்தது பின்னால்தான்.

நல்ல பிளேயர் என்றால் நல்ல கோச் ஆகிவிடுவாரா?

அப்படி எந்த கேரண்டியும் இல்லை.

2016 உலகக் கோப்பையை வென்ற கேப்டன் அனூப் குமார். களத்தில் அவரது நிதானத்துக்கு ரசிகர்கள் அதிகம். 2018 கடைசியில் ஓய்வு பெற்று, 2019-ல் புனேரி பல்தான் கோச் ஆனார். அந்த சீசனில் அணி பிளே-ஆஃபுக்குப் போகவில்லை.

மறுபக்கம் மன்ப்ரீத் சிங். மூன்றாவது சீசனில் பாட்னா கேப்டனாகக் கோப்பை வென்றவர். கோச் ஆனதும் குஜராத்தை 2017, 2018-19 சீசன்களில் அடுத்தடுத்து இரண்டு ஃபைனலுக்குக் கொண்டுபோனார். இரண்டிலும் தோல்வி. ஹரியானாவுக்கு மாறி 2024 மார்ச்சில் மறுபடி ஃபைனல். புனேரியிடம் 25-28, மூன்று புள்ளியில் போச்சு. அதே ஆண்டு டிசம்பர் 29-ல் நான்காவது ஃபைனல். பாட்னாவை 32-23 என்று ஜெயித்து, கோச்சாக முதல் கோப்பையைத் தொட்டார். ஏழு வருடக் காத்திருப்பு. பிளேயராக இருந்தால் அந்த ஏழு வருடத்தில் கரியரே முடிந்திருக்கும்.

உலகத்தில் வேறு எங்கே இப்படி?

கபடிக்கு ரொம்ப நெருக்கமான ஒரு வெளிநாட்டு ஆட்டம் ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பந்தை வைத்திருப்பவரை எதிரணி மடக்கிப் பிடிக்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து கைமாறிவிடும். நம்ம ஊர் 'பிடி' அங்கே 'டேக்கிள்'.

இந்த ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். 1895-ல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த வீரர்கள், ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடு கட்டலாமா, கூடாதா என்பதே சண்டை. வயல் வேலையை விட்டுவிட்டு டோர்னமென்ட் போகும் நம்ம கிராமத்துப் பையனுக்கு இது புரியாத கதையா என்ன?

அந்த ஆட்டத்தில் பிளேயராக இருந்து கோச் ஆனவர்களில் பெரிய பெயர் ஆஸ்திரேலியாவின் வெய்ன் பென்னட். 1950-ல் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர். போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். ஆஸ்திரேலிய அணிக்கும் ஆடினார். ஆனாலும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஆட்டக்காரராக அல்ல. 1988-ல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணி தொடங்கியபோது அதன் முதல் கோச். அங்கே ஆறு பட்டம், பிறகு 2010-ல் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவோடு ஒன்று, மொத்தம் ஏழு. 2025-ல், 75 வயதில், சவுத் சிட்னி அணிக்குத் திரும்பி வந்து கோச்சிங் செய்தார். உத்திரமேரூர் குடவோலை விதிப்படி பார்த்தால் அவருக்கு வயது தாண்டிவிட்டது!

சேரலாதன் கோச் ஆனபோது என்ன நடந்தது?

2024-ல் தமிழ் தலைவாஸ் அணி ஜே. உதயகுமாரைத் தலைமைக் கோச்சாகவும், சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் நியமித்தது. தமிழ்நாட்டின் அணிக்குத் தமிழ்நாட்டின் மூத்த வீரர் பயிற்சியாளர் என்பதில் ரசிகர்களுக்கு சந்தோஷம். ரிசல்ட்? 12 அணிகளில் ஒன்பதாவது இடம். அடுத்த சீசனுக்குத் தலைமைக் கோச்சாக சஞ்சீவ் பல்யான் வந்தார்.

இது சோகக் கதை மாதிரித் தெரியலாம். ஆனால் இதுதான் அந்த வேலையின் இயல்பு. 2022-ல் இதே தலைவாஸ் சீசனின் நடுவில் கோச்சை மாற்றியது. உதயகுமார் போய் ஆஷன் குமார் வந்தார், அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. லீக் கோச் வேலை என்பது ஒப்பந்த வேலை. ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் முடிந்ததும் பெஞ்சுக்கு வருவதைப் போலத்தான். ஒரு சீசன் தோற்றதால் 30 வருட அனுபவம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த அனுபவம் அடுத்த மாத வாடகையையும் கட்டாது.

அப்போ ஊர்ப் பையனுக்கு வழி என்ன?

மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, ஆடும்போதே வேலை. ரயில்வே, போலீஸ், பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடஒதுக்கீடு உண்டு. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் வாங்கும் சான்றிதழ்தான் இதற்குச் சாவி. மின்னொளிப் போட்டியில் கிடைக்கும் ரொக்கப் பரிசு அன்றைக்கு இனிக்கும். சான்றிதழ் பத்து வருடம் கழித்து உதவும்.

இரண்டு, படிப்பு. பட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.எஸ்., கோச்சிங் டிப்ளமோ நடத்துகிறது. அரசு கோச் வேலைகளில் இந்த டிப்ளமோவுக்கு மதிப்பு அதிகம். "நான் இருபது வருஷம் ஆடியிருக்கேன்" என்பது ஊரில் செல்லும், இன்டர்வியூவில் காகிதம் கேட்பார்கள். டிகிரியைப் பாதியில் விட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

மூன்று, பெண்கள் கபடி. இந்திய வீராங்கனையாக இருந்து பயிற்சியாளர் ஆன தமிழகத்தின் கவிதா செல்வராஜுக்கு 2023-ஆம் ஆண்டுக்கான தியான் சந்த் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவருக்குப் பிறகு எத்தனையோ பெண்கள் கபடி கற்க வருகிறார்கள். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

படம் முடிந்த பிறகு

அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் 'பைசன் காளமாடன்' வந்தது. அதற்கு முன் 'வெண்ணிலா கபடி குழு', 'கில்லி'. நம் சினிமாவில் கபடி வீரன் எப்போதும் இளைஞன்தான். அவனுக்கு 40 வயதானால் என்ன ஆகிறான் என்று காட்டும் படம் அபூர்வம்.

நிஜத்தில் அவர் அங்கேயேதான் இருப்பார். அடுத்த முறை உத்திரமேரூர்ப் பக்கம் ராத்திரி ஆட்டம் பார்க்கப் போனால், லைட்டுக்குக் கீழே ஆடுகிறவர்களை மட்டும் பார்க்காதீர்கள். கோட்டுக்கு வெளியே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டேய், காலைப் பாருடா, காலை" என்று தொண்டை கட்டக் கத்தும் ஒருவர் இருப்பார். அந்த ஊரின் சம்பளமில்லாத கோச் அவர்தான். அவருக்கு ஒரு சான்றிதழும், பக்கத்து ஸ்கூலில் ஒரு வேலையும் கிடைத்தால், அடுத்த சேரலாதன் 39 வயது வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உத்திரமேரூர்க்காரர்கள் 35 வயதைப் பொறுப்பு ஆரம்பிக்கும் வயது என்று கல்லில் வெட்டினார்கள். அந்த விதி சொத்தும் வேதப் படிப்பும் உள்ள சிலருக்கு மட்டும்தான். கபடியில் அதை எல்லோருக்கும் ஆக்கிவிடலாம்.