பழுதுப் பதிவேடு: படமாளிகைகளின் உயிர் காக்கும் கணக்கு

மொன்றியல் மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஜான்-டலோன் சந்தையை அறியாதோர் அரிது. பார்க் நிலையத்தில் நீலநிறச் சுரங்க இரயிலில் ஏறினால் இரண்டாவது தரிப்பிடம் ஜான்-டலோன். பொருளாதார மந்தம் உலகை வாட்டிய 1933 ஆம் ஆண்டில் 'வடக்குச் சந்தை' என்ற பெயரில் திறக்கப்பட்ட இச்சந்தைக்குப் பிற்காலத்திலேயே இன்றைய பெயர் வாய்த்தது. பெயருக்குரிய ஜான் டலோன், 17 ஆம் நூற்றாண்டில் புதிய பிரான்சை நிர்வகிக்கப் பிரெஞ்சு மன்னர் அனுப்பிய அதிகாரி. 1666 ஆம் ஆண்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, அக்குடியேற்றத்தில் 3,215 ஐரோப்பியர் வாழ்கின்றனர் என்று ஏட்டில் எழுதிவைத்தவர். கனடாவின் முதற் குடிக்கணக்கு அதுவே.

கணக்கெழுதியவரின் பெயரைத் தாங்கிய இச்சந்தையின் சுற்றுவட்டாரத்தில், எழுதிவைப்பதன் அருமையை உணர்த்தும் வேறொரு வரலாறும் புதைந்து கிடக்கின்றது. அது படமாளிகைகளின் வரலாறு. சந்தையிலிருந்து கிழக்கே சிறிது நடந்தால் சென்-டெனி வீதி வரும். அவ்வீதி பெலான்ஜே வீதியைச் சந்திக்கும் இடத்திற்கு அருகே 1926 இல் ரிவோலியும் 1931 இல் ஷட்டோவும் திறக்கப்பட்டன. இரண்டின் உட்புறத்தையும் அலங்கரித்தவர், மால்ட்டாவிற் பிறந்து கனடாவெங்கும் படமாளிகைகளுக்கு வண்ணம் தீட்டிய இமானுவேல் பிரிஃபா. சென்-யூபேர் வீதியில் பிளாசா இருந்தது. இன்னும் கிழக்கே, போபியேன் வீதியில் 1937 இல் போபியேன் படமாளிகை எழுந்தது.

இவற்றுள் ரிவோலி பின்னாளில் மருந்துக்கடையாயிற்று. ஷட்டோ வழிபாட்டு மண்டபமாயிற்று. பிளாசா மேடை நிகழ்ச்சிகளுக்குரிய இடமாயிற்று. போபியேன் மட்டும் படமாளிகையாகவே நிலைத்தது. வணிக நிறுவனமொன்றின் கையிலிருந்து 2001 இல் நீங்கிய அது, இலாபநோக்கற்ற அமைப்பொன்றின் பொறுப்பில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பின்னர் சினேமா டு பார்க், நுண்கலை அரும்பொருளகத்தின் மண்டபத்தில் 2018 இல் தொடங்கிய சினேமா டு மியூசே ஆகியவற்றையும் அதே நிர்வாகம் கவனிக்கலாயிற்று.

ஒரு நிர்வாகம், மூன்று கட்டடங்கள், பல திரைகள். இவ்வாறான நிலையில் எந்த நிர்வாகத்தின் முன்னும் ஒரு கேள்வி எழும். எந்த மண்டபத்தில் எந்த இயந்திரம் எப்போது பழுதுற்றது? யார் அறிவித்தார்? யார் திருத்தினார்? திருத்தியது சரிதானா என்று யார் பார்த்தார்? இக்கேள்விகளுக்கு மனித நினைவு விடை சொல்லாது. ஏடுதான் சொல்லும்.

ஒப்பரேற்றரின் குறிப்புப் புத்தகம்

யாழ்ப்பாணத்தில் வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா, ராஜா, வின்சர் எனப் படமாளிகைகளின் பெயரைச் சொல்லியே இடத்திற்கு வழிகாட்டிய தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. திரையில் தோன்றியவர்களை அத்தலைமுறை நன்கறியும். ஆனால் அவர்களின் தலைக்குப் பின்னால், சுவரிலுள்ள சிறு துவாரத்திற்கு அப்பால், வெப்பத்தில் வியர்த்து நின்ற ஒப்பரேற்றரை அறிந்தவர் சிலரே.

அவர் கையாண்ட இயந்திரம் எளிதானதன்று. 35 மில்லிமீற்றர் படச்சுருள் செக்கனுக்கு 24 தடவை நின்று நின்று நகரவேண்டும். அவ்வாறு இழுத்து நிறுத்துவது சிலுவை வடிவிலான சிறு உருக்குச் சக்கரம். ஒரு மணி நேரத்தில் 86,400 இழுப்புகள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படமொன்றிற்கு இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம். இச்சக்கரம் சிறிது தேய்ந்தாலும் திரையில் உருவம் துள்ளும். படச்சுருளின் ஓரத்துளைகள் கிழியும். ஒரு சுருள் ஏறத்தாழ 20 நிமிடமே ஓடும் என்பதால் இரண்டு இயந்திரங்கள் மாறிமாறி இயங்கின. திரையின் வலது மேல் மூலையில் ஒரு கணம் தோன்றி மறைந்த புள்ளி, அடுத்த இயந்திரத்தை இயக்குமாறு ஒப்பரேற்றருக்கு இடப்பட்ட குறி.

வெளிச்சம் தந்தது தொடக்கத்தில் கரிக்கோல்களுக்கிடையே எழுந்த மின்வில். பின்னர் செனன் விளக்கு வந்தது. இவ்விளக்கினுள் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அது எரிந்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டு உரிய காலத்தில் மாற்றாவிடின் வெடித்து, விலையுயர்ந்த கண்ணாடியையும் சிதறடிக்கும். ஆகவே ஒழுங்கான படமாளிகைகளில் குறிப்புப் புத்தகமொன்று தொங்கியது. இன்று எத்தனை மணி நேரம் விளக்கு எரிந்தது, எப்போது எண்ணெய் இடப்பட்டது, எந்தப் பற்சக்கரம் மாற்றப்பட்டது, எக்காட்சியில் ஒலி அறுந்தது என்பன அதில் எழுதப்பட்டன. இரவு வேலை முடித்துச் செல்பவர் எழுதியதைக் காலையில் வருபவர் படித்தார். ஒருவர் கண்ட பழுதை மற்றவர் அறிவதற்கு வேறு வழி இருக்கவில்லை.

மொன்றியலின் துயரம்

ஆனால் படமாளிகை என்பது புறொஜெக்ரர் மட்டுமன்று. அதை இந்நகரம் மிகக் கொடிய முறையிற் கற்றுக்கொண்டது.

1927 ஜனவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நகரின் கிழக்கே சென்ற் கதறின் வீதியிலிருந்த லோரியே பலஸ் படமாளிகையில் நகைச்சுவைப் படமொன்றைக் காணச் சிறுவர் திரண்டிருந்தனர். புகை எழுந்தது. மேல்மாடத்திலிருந்த சிறுவர் ஒடுங்கிய படிக்கட்டை நோக்கி ஓடினர். ஒருவர் விழ, அவர்மேல் மற்றவர் விழ, படிக்கட்டே அடைபட்டது. 78 பிள்ளைகள் மாண்டனர். நெருப்புச் சுட்டு இறந்தவர் மிகச் சிலர். ஏனையோரைக் கொன்றவை புகையும் நெரிசலுமே. படம் காட்டும் அறையிலிருந்தவர் தம் அறையினூடாகப் பல பிள்ளைகளை முகப்பின் மேற்கூரைக்கு அனுப்பி உயிர் தப்பச் செய்தார் என்பதும் அந்நாளின் பதிவு.

இதன் பின் கியூபெக்கில் 16 வயதிற்குட்பட்டோர் படமாளிகைக்குச் செல்வதை 1928 இல் சட்டம் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தடை நீடித்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் திரை மறுக்கப்பட்டதற்குக் காரணம் திரையன்று. படிக்கட்டும் வெளியேறும் வழியும்.

ஒரே நாளில் இரண்டு தீ

எழுபது ஆண்டுகள் கழித்து இதே பாடத்தை டில்லி மாநகரம் கற்றது. 1997 யூன் 13 ஆம் நாள் நிகழ்ந்த உப்ஹார் படமாளிகைத் தீ, பழுதுப் பதிவைப் பற்றிப் பேசும் எவரும் படிக்கவேண்டிய நிகழ்ச்சி.

அப்படமாளிகையின் கீழ்த்தளத்தில் மின்சார சபையின் மின்மாற்றியொன்று இருந்தது. அன்று அதிகாலை ஏழு மணியளவில் அது தீப்பற்றியது. தீ அணைக்கப்பட்டது. முற்பகலில் ஊழியர் வந்து திருத்தினர். மின்கம்பி முனையை அழுத்திப் பொருத்துவதற்கென்றே உரிய கருவி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தினர் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. மின்சாரம் மீண்டும் வழங்கப்பட்டது. பகற்காட்சிகள் வழமைபோல் தொடங்கின. மாலை ஐந்து மணியளவில் அந்த இணைப்பு தளர்ந்து, மீண்டும் தீ மூண்டது. புகை மேல்மாடத்தை நிறைத்தது. அங்கே ஒரு பக்கத்து நடைவழி மூடப்பட்டு மேலதிக இருக்கைகள் போடப்பட்டிருந்தன. அவசர விளக்குகள் எரியவில்லை. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரவில்லை. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

இதில் இரண்டு செய்திகள் நெஞ்சை உறுத்துவன. முதலாவது, அதே கட்டடத்தில் 1989 யூலையிலும் மின்மாற்றியால் தீ ஏற்பட்டிருந்தது. அதாவது பழுது புதியதன்று. எட்டு ஆண்டுகளாக அறியப்பட்டிருந்தது. காலையில் எழுந்த தீயோ பிற்பகற் காட்சியை நிறுத்தப் போதுமான எச்சரிக்கை. 'தற்காலிகமாகத் திருத்தப்பட்டது, மேலதிகாரி பார்வையிடும் வரை காட்சி வேண்டாம்' என்ற ஒரு வரி எழுதப்பட்டு, அதற்கு எவரேனும் மதிப்பளித்திருப்பின் மாலைக்குள் வரலாறு மாறியிருக்கும்.

இரண்டாவது இன்னும் கொடியது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றத்தின் பொறுப்பிலிருந்த ஆவணங்கள் கிழிக்கப்பட்டும் மை பூசப்பட்டும் காணப்பட்டன. அந்த மின்மாற்றியின் திருத்த வேலை தொடர்பான பதிவும் அவற்றுள் ஒன்று. இந்த ஆவணச் சிதைப்பு வழக்கில் படமாளிகை உரிமையாளரான சகோதரர் இருவருக்கும் நீதிமன்ற ஊழியர் ஒருவர் உட்பட வேறு சிலருக்கும் 2021 நவம்பரில் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் அத்தண்டனை ஏற்கெனவே கழித்த காலமாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருபத்தைந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினர். ஒரு பழுதுப் பதிவேட்டின் பெறுமதி யாதென வினவுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. பெறுமதியற்ற காகிதத்தை எவரும் கிழித்து மறைப்பதில்லை.

தன் குறையைத் தானே எழுதும் இயந்திரம்

இன்று படச்சுருள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 2005 இல் ஹொலிவூட் நிறுவனங்கள் கூடி எண்முறைத் திரையிடலுக்கு விதிகள் வகுத்தன. அடுத்த பத்தாண்டுகளுள் உலகின் பெரும்பாலான படமாளிகைகள் மாறின. படம் இன்று கணினிக் கோப்பாக வருகின்றது. குறித்த நாளில், குறித்த மணியில், குறித்த இயந்திரத்தில் மட்டும் திறக்கும் இரகசியத் திறவுகோலும் அதனுடன் வருகின்றது. புதிய புறொஜெக்ரர் தன் விளக்கு எரிந்த மணித்தியாலத்தைத் தானே கணக்கிடும். வெப்பம் மிகுந்தால் குறிப்பெழுதும். பல நகரங்களிலுள்ள திரைகளை ஒரே அறையிலிருந்து கண்காணிக்கும் நிலையங்களும் உண்டு. பழுது முறையீடு ஒன்று பதியப்பட்டதும் அதற்கொரு இலக்கம் வழங்கப்பட்டு, அது தீரும் வரை திறந்த கணக்காகவே நிற்கும்.

நல்ல பதிவொன்றில் இருக்கவேண்டியவை அதிகமல்ல. கட்டடம், மண்டபம், கருவியின் இலக்கம். பழுது கண்ட நாளும் நேரமும். கண்டவர் பெயர். கண்ட குறை அவருடைய சொற்களிலேயே. செய்த வேலையும் மாற்றிய உதிரிப்பாகமும். அது தற்காலிகத் திருத்தமா, முழுமையான திருத்தமா என்ற தெளிவு. இறுதியாக, திருத்தியவரல்லாத இன்னொருவரின் கையொப்பம். பல படமாளிகைகளின் பதிவுகள் ஒரே ஏட்டில் சேரும்போது இன்னொரு நன்மையும் விளையும். ஓரிடத்தில் மும்முறை பழுதுற்ற மின்விசிறி மற்றோரிடத்திலும் பழுதுறுமுன் மாற்றப்படலாம். தனித்தனியே பார்த்தால் தற்செயலாகத் தோன்றுவது, சேர்த்துப் பார்த்தால் நோயின் அறிகுறியாகத் தெரியும்.

ஆயினும் இம்முறையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. புறொஜெக்ரர் தன் குறையைத் தானே எழுதும், கதவு எழுதாது. படிக்கட்டின் கைப்பிடி தளர்ந்ததைக் கணினி அறியாது. அவசர விளக்கின் மின்கலம் செத்துக் கிடப்பதையும், வெளியேறும் வழியில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதையும் எந்த இயந்திரமும் முறையிடாது. லோரியே பலஸிலும் உப்ஹாரிலும் உயிர்களைக் கொண்டவை திரையும் புறொஜெக்ரரும் அல்ல. இத்தகைய வாய்பேசா உறுப்புகளே. படம் நின்றால் பார்வையாளர் கூச்சலிடுவர், பணத்தைத் திருப்பிக் கேட்பர். ஆகவே அப்பழுது உடனே கவனிக்கப்படும். கதவு இறுகிக் கிடந்தால் எவரும் கூச்சலிடுவதில்லை, அது தேவைப்படும் நாள் வரை. எனவே கதவுக்கும் படிக்கும் விளக்கிற்கும் மனிதரே எழுதவேண்டியுள்ளது.

நம்மவரின் பங்கு

இது முதலாளிமாருக்குரிய செய்தி, நமக்கென்ன என்று எவரும் எண்ணலாகாது. புலம்பெயர்ந்த நாடுகளில் இரவில் மண்டபங்களைத் துப்புரவு செய்வோர், வாயிலில் நிற்போர், இருக்கைகளைச் சீர்செய்வோர் ஆகியோரில் அகதிகளாக வந்தோர் பலர். இறுகிய கதவை முதலிற் காண்பவர் அவர்களே. மொழி தடுமாறும், வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவர்கள் வாய் திறவாதிருப்பது உண்டு. கியூபெக்கில் 1979 ஆம் ஆண்டின் தொழிற் சுகநலப் பாதுகாப்புச் சட்டம், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்குமென நியாயமாகக் கருதும் வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்குகின்றது. அதனினும் எளிய வழி, கண்ட குறையை இரண்டு வரியில் நாளிட்டு எழுதிக் கொடுத்துப் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருப்பது. பிழையான பிரெஞ்சில் எழுதப்பட்டாலும் அது பதிவுதான்.

அவ்வாறே, தமிழ்ப் படத்திற்கும் அரங்கேற்றத்திற்கும் நினைவுநாளுக்கும் நம்மவர் மண்டபங்களை வாடகைக்கு எடுக்கின்றனர். வாடகையைப் பேரம்பேசும்போதே இன்னும் சில கேள்விகளைக் கேட்கலாம். அவசர விளக்குகள் இறுதியாக எப்போது சோதிக்கப்பட்டன? எல்லா வாயில்களும் உள்ளிருந்து திறக்குமா? பழுதுப் பதிவேட்டைக் காட்டுவீர்களா? ஒழுங்கான மண்டபத்தார் இதற்குச் சினம் கொள்ளார். ஏட்டை எடுத்துக் காட்டுவர். நிகழ்ச்சி தொடங்குமுன் ஒருவர் எல்லாக் கதவுகளையும் தள்ளிப் பார்த்துவிட்டு வருவதற்குப் பத்து நிமிடமே செல்லும்.

1990 இன் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். கிடைத்த உதிரிப்பாகத்தைக் கொண்டு இயந்திரத்தை ஓடவைக்கும் திறமை நம்மவருக்குக் கைவந்தது. அத்திறமை போற்றத்தக்கது. ஆயினும் நெருக்கடியில் உதவிய 'இப்போதைக்கு ஓடட்டும்' என்ற பழக்கம், நூற்றுக்கணக்கானோர் இருளிற் கூடியிருக்கும் மண்டபத்திற்குப் பொருந்தாது. அங்கு தற்காலிகத் திருத்தம் எதுவாயினும், அது தற்காலிகமானது என்று எழுதப்படவேண்டும்; யார், எந்நாளில் அதை நிரந்தரமாக்குவார் என்பதும் அதன் கீழ் எழுதப்படவேண்டும்.