உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைப் பாதையும் ஓர் இரும்புப் பந்தும்

இருப்பது ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிட்டால்? கிராமத்து ஸ்டேஷன்களில் நாம் பார்த்த சிக்னல் சாமான்கள் பலவும் இந்தப் பயத்தில் பிறந்தவைதான்.

1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் அந்தப் பயம் நிஜமானது. எதிர் ரயிலை விடச் சொல்லி எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த தந்தியை கிளார்க் அனுப்பிவிட்டார். மறுமுனையிலிருந்து ரயில் புறப்பட்டது. இந்த முனையிலிருந்தும் புறப்பட்டது. 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, 1878இல், எட்வர்ட் டயர் 'டேப்லெட்' கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெறும் செய்தியை நம்பாதே, கையில் 'டோக்கன்' என்ற அடையாளப் பொருள் இருந்தால்தான் வண்டியை எடு என்பதே அதன் ஏற்பாடு.

இதே ஏற்பாட்டில் நம் ஊர்களில் அதிகம் புழங்கியது 'நீல்' பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில், ஸ்டேஷனுக்கு ஒன்று. இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் தன் கருவியில் பொத்தானை அழுத்தினால்தான் இங்கே இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதாவதொரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்த பந்து எந்தப் பக்கமும் வராது. பந்துகளின் வடிவத்திலும் வித்தியாசம் வைத்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியின் பந்து அடுத்த பகுதியின் கருவிக்குள் நுழையாது. எத்தனை கெட்டிக்காரத்தனம்!

நிற்காமல் போகும் ரயிலுக்கு? பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். இன்ஜினிலிருந்து நீளும் கை பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைக் கோத்துக்கொள்ளும். இரவென்றால் ஆள் நிற்கும் இடம் தெரியத் தீப்பந்தமும் வேண்டும். கை தவறினால் வண்டி நின்றே ஆகவேண்டும்.

ஸ்டேஷனில் நாம் பார்த்த இன்னொரு சாமான் கைகாட்டி மரம். அதன் 'பச்சை'க் கண்ணாடி பெரும்பாலும் நீலம் கலந்தது. பின்னால் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் டிரைவர் கண்ணுக்குப் பச்சை.

பச்சை வருவதற்கு முன்பு 'போகலாம்' என்பதற்கு வெள்ளை விளக்கே அடையாளம். சிவப்புக் கண்ணாடி உடைந்துபோனால் ஆபத்து விளக்கும் வெள்ளையாகத் தெரியுமே! அதனால் வெள்ளை போய், பச்சை வந்தது.

வெயிலில் சிக்னல் கம்பி நீளும். இங்கே லீவரை இழுத்தாலும் அங்கே கைகாட்டி சரியாக இறங்காது. எனவே வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்பாடு உண்டு.

பதுளைக்கு 1924இல் எட்டிய இலங்கை மலையகப் பாதையில் டேப்லெட் முறை இந்த நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே போனால் சின்ன ஸ்டேஷன்களில் இன்ஜின் பக்கம் எட்டிப் பாருங்கள். வளையம் கைமாறும் காட்சி கண்ணில் படலாம்.