பொடி வைத்து ஊதுதல்

உள்ளர்த்தம் ஒன்றை மறைத்துப் பேசுகிறவரைப் ‘பொடி வைத்துப் பேசுகிறார்’ என்கிறோம். இது பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்பர். மாணவ நண்பர்களே, அந்தப் பொடியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நான் வேதியியல் ஆசிரியன். ஆனால் உருகுநிலை என்பதை முதலில் கற்றது கல்லூரியில் அன்று, கோயம்புத்தூரில் என் தந்தையாரின் பட்டறையில்.

அவர் ஒரு மணப்பெண்ணுக்கு ஜிமிக்கி செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். தாயின் பழைய வளையலை மூசையிலிட்டு உருக்கித் தகடாக அடித்து, குழிகள் உள்ள கட்டையில் வைத்துத் தட்டிக் குடைபோல் வளைப்பார். பிறகு விளிம்புக்கு மணிகள் வேண்டும். பொற்கம்பியைச் சிறு துணுக்குகளாக வெட்டிக் கரியின்மேல் வைத்துச் சுடரை ஊதுவார். துணுக்கு உருகியதும் தானாகவே உருண்டு மணியாகிவிடும். நீர்த்துளியை உருண்டையாக்கும் பரப்பு இழுவிசை பொன்துளியையும் உருண்டையாக்குகிறது. இதுவரை எல்லாம் எளிது. மணியைக் குடையோடு ஒட்டுவது எப்படி?

தூய பொன் 1064 பாகை செல்சியசில் உருகும். அது மென்மையானதாதலால் 22 பங்கு பொன்னுக்கு 2 பங்கு செம்பும் வெள்ளியும் கலக்கிறோம். இதுவே 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு பொன். இந்தக் கலவை உருகுவதற்கு முன்பே உருகி ஓடக்கூடிய வேறொரு கலவை இருந்தால்தான் ஒட்டு வேலை நடக்கும். பொன்னில் வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் மிகுதியாகச் சேர்த்து அரத்தால் அராவிய துகளே அது. பட்டறையில் அது பொடி. இலக்கியத் தமிழில் பற்றாசு, ஆசு. இரு குறட்பாக்களை ஒரு நேரிசை வெண்பாவாக இணைக்கையில், முதற்குறள் தனிச்சொல்லோடு பொருந்தாது நின்றால் இடையே ஓரிரு அசைகளைச் சேர்ப்பார்கள். யாப்பிலக்கணத்தார் அதற்கும் ஆசு என்றே பெயரிட்டனர். அவர்கள் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்!

பொடியோடு வெங்காரம் குழைத்துத் தடவுவார் தந்தையார். சூடு ஏறியதும் வெங்காரம் நீரை இழந்து பொரிந்து, பின் கண்ணாடிபோல் உருகிப் பரவும். காற்று படாமல் காத்து, செம்பின் மேலேறும் கறுப்பையும் கரைப்பது அதன் வேலை. அதற்குமேல் கண்ணுக்குத்தான் வேலை. மங்கிய ஒளியில் பொன் எந்தச் சிவப்பை எட்டியது என்று பார்த்து ஊதுவார். ஒரு கணம் பிந்தினால் மணியே உருகிக் குடையோடு கலந்துவிடும். பட்டறைகள் இருட்டாக இருந்ததன் காரணம் வறுமை மட்டுமன்று.

வம்பு இங்கேதான். 8 கிராம் நகையில் 0.4 கிராம் பொடி இருப்பதாகவும், அப்பொடியில் நூற்றுக்கு 60 பங்கே பொன் என்றும் கொள்ளுங்கள். மொத்தத்தையும் உருக்கினால் 91.6 இராது, ஏறக்குறைய 90 தான் இருக்கும். ஒருவரும் திருடவில்லை, கணக்கு அப்படி. 1994-இல் ஓர் அம்மையார் தம் பழைய சங்கிலியைக் கடையொன்றில் உருக்கிவிட்டு வந்து, “ஆசாரியாரே, உங்கள் பொடி என் பொன்னைத் தின்றுவிட்டதே!” என்றார். தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு அவர் உண்ணவுமில்லை.

அடுத்த ஆண்டே அவர் காட்மியப் பொடிக்கு மாறினார். 91.6 பங்கு பொன்னோடு காட்மியம் சேர்த்தால் எளிதில் உருகும், மாற்றும் குறையாது. ‘கே.டி.எம்.’ என்று கடைகள் விளம்பரப்படுத்திய நகை இதுவே. ஆனால் காட்மியத்தின் கொதிநிலை 767 பாகை. பொன் உருகுமுன்பே அது ஆவியாகிக் குனிந்திருப்பவர் மூச்சில் கலக்கும். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அணிபவருக்குத் தூய நகை, செய்தவருக்கு நஞ்சு. நான் அப்போது வேதியியல் பட்டம் பெற்றிருந்தேன். கொதிநிலை அட்டவணை மனப்பாடம். ஆயினும் அதையும் திண்ணையில் இருந்த பட்டறையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“பீடி பிடிப்பதுண்டா?” என்று மருத்துவர் கேட்டார். தந்தையார் ஊதியது நாற்பதாண்டுகளாக ஊதுகுழல் ஒன்றே. அந்த இருமலுக்குக் காட்மியமே காரணம் என்று அறுதியிட்டுக் கூறமாட்டேன். உமிப்புகையும் கரிப்புகையும் உண்டு. எனினும் அந்தப் பொடியை நிறுத்தச் செய்தேன்.

இன்று முத்திரை நகைகளில் காட்மியம் அனுமதிக்கப்படுவதில்லை. துத்தநாகமும் இந்தியமும் கலந்த பொடிகள் வந்துள்ளன. 2021 சூன் முதல் பல மாவட்டங்களில் தர முத்திரை கட்டாயமாயிற்று. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி உண்டு. இதனால் பொற்கொல்லர்மீது இருந்த ஐயம் ஓரளவு குறைந்திருக்கிறது. சிறு பட்டறைகளில் காற்றுப் போக்கி இருக்கிறதா என்பதை மட்டும் எந்த முத்திரையும் சொல்வதில்லை.

தந்தையார் பழைய பொடி வைத்து என் தாயாருக்குச் செய்த ஜிமிக்கி என்னிடம் உள்ளது. உருப்பெருக்கியில் அதை மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. விளிம்பைச் சுற்றி மணிகள் ஒழுங்காக நிற்கின்றன; ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பது அரிது. ஒரே ஒரு மணியின் அடியில் மட்டும் பொடி சற்று மிகுந்து, வெள்ளி மிகுதியால் வெளுத்துத் தெரிகிறது.